இரத்தத் துளி கூறும் எதிர்காலம்



பன்றி என்று சொன்னாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். "பன்றியோடு சேர்ந்த கன்றும் கெடும்" என்று பழமொழியே இருக்கிறது. வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் பன்றி வளர்க்கிறார்கள் என்று தெரிந்தால், அவள் பக்கத்தில் அமரத் தயங்குவோரும் உண்டு. ஆனால் 1920களில் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் உயிரைக் காத்தது எது தெரியுமா? பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த இன்சுலின்தான். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியின் இன்சுலினிலும் 51 உள்ளன. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டுமே. 1982-இல் மனித இன்சுலின் ஆய்வுக்கூடத்தில் தயாராகி விற்பனைக்கு வரும்வரை, நாம் இகழ்ந்த பிராணியே நம் பாட்டன் பாட்டிமாருக்கு மருந்து தந்தது.

இன்சுலின் ஒரு ஹார்மோன். அதைப் போன்ற பல ஹார்மோன்கள் பன்றியின் இரத்தத்தில் ஓடுகின்றன. அவற்றை அளந்து, "இந்தப் பன்றி சினையாக இருக்கிறதா? இந்தக் குட்டி நன்றாக வளருமா?" என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம். ஆனால் சில நிபந்தனைகளோடுதான் சொல்கிறது. அந்த நிபந்தனைகளை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடிவாரத்தில் ஒரு கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்த வழி நினைவிருக்கும். கோமுகி அணை, மரவள்ளித் தோட்டங்கள், பிறகு மலைப்பாதை, காடு. இரவில் காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கைத் தோண்டிவிடுகின்றன என்று மலைமக்கள் குறைப்படுவதையும் கேட்டிருப்போம். நாம் வளர்க்கும் பன்றியும் அந்தக் காட்டுப்பன்றியின் வழிவந்ததே.

இந்த மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் இரண்டு வெண்பன்றிகளை வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பருவத்துக்கு வந்தது; ஆண் பன்றியோடு சேர்த்தார்கள். இனி அவர்கள் மனத்தில் ஒரே கேள்விதான்: சினை பிடித்ததா, இல்லையா?

பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சினைப்பன்றிக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ தீவனம் என்று குறைந்த கணக்குப் போட்டாலும் 114 நாளுக்கு 228 கிலோ ஆகும். சினை பிடிக்கவில்லை என்று கடைசியில்தான் தெரிந்தால் 228 கிலோவும் வீண். 21-ஆம் நாளே தெரிந்துவிட்டால் வீணானது 42 கிலோதான். மீதி 186 கிலோ மிச்சம். அதோடு அடுத்த பருவத்திலேயே மீண்டும் சேர்த்துவிடலாம். கடன் வாங்கித் தவிடும் பிண்ணாக்கும் வாங்கும் குடும்பத்துக்கு 186 கிலோ தீவனம் என்பது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகவும் சீருடையாகவும் ஆகக்கூடிய பணம். ஆகவே இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

ஹார்மோன் என்பது யாது?

நம் உடலிலும் பன்றியின் உடலிலும் நாளமில்லாச் சுரப்பிகள் இருக்கின்றன என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவை சுரக்கும் பொருள் குழாய் வழியே போகாமல் நேரே இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் செய்தி கொண்டுபோகிறது. இத்தகைய பொருளுக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-இல் இங்கிலாந்து அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

ஹார்மோனின் வியப்பு அதன் அளவில் இருக்கிறது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். இரத்தத்தில் ஹார்மோனை இந்த நானோகிராம் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது எவ்வளவு? பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூறு நிற்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை லாரித் தண்ணீரிலும் ஒரே ஒரு கிராம் சர்க்கரையைக் கரைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான்! நாக்குக்குத் தெரியாத அந்தச் சர்க்கரையைத் தேடி அளப்பது எப்படி?

அளக்கக் கற்றுத் தந்த ஒரு பெண்மணி

இவ்விடத்தில் நாம் ஒரு பெண்மணியை நினைக்க வேண்டும். ரோசலின் யாலோ 1921-இல் நியூயார்க்கில் பிறந்தார். அவருடைய தாய் தந்தையர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வாய்ப்புப் பெறாதவர்கள். மகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியையானால் போதும் என்றே விரும்பினார்கள். அவரோ ஒரு மகளிர் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பெண் என்பதால் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. சுருக்கெழுத்துக் கற்று, ஒரு விஞ்ஞானியின் செயலாளராக வேலை பார்த்தாவது பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிடலாம் என்று முயன்றார். பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அங்கே பொறியியல் துறைகளைச் சேர்ந்த நானூறு பேரிடையே அவர் ஒருவரே பெண்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் அவரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் சேர்ந்து உழைத்தார்கள். கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட இன்சுலினைச் சிலருக்குச் செலுத்தினார்கள். முன்பே விலங்கு இன்சுலின் போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது வெகுநேரம் தங்கியது. காரணம், அவர்கள் உடல் அந்த அயல் இன்சுலினுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி அதைப் பிடித்து வைத்திருந்தது. இதை எழுதி அனுப்பியபோது முதலில் ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள்; 1956-இல்தான் அச்சேறியது. அந்த எதிர்ப்பொருளையே அளவுகோலாக மாற்றி, சில ஆண்டுகளில் ஹார்மோனை அளக்கும் முறையைக் கண்டார்கள். அதற்குக் காப்புரிமை கோராமல் உலகுக்கு விட்டுவிட்டார்கள். பெர்சன் 1972-இல் காலமானார். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்தில் அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

அம்முறையை ஓர் உவமையால் விளக்கலாம். பள்ளிப் பேருந்தில் நாற்பது இருக்கைகள். நீலப் பாவாடை அணிந்த நாற்பது மாணவியர் வாயிலில் நிற்கிறார்கள். அவர்களோடு வெள்ளைப் பாவாடை அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் எல்லோரும் கலந்து ஏறுகிறார்கள். உள்ளே சென்று நீலத்தை மட்டும் எண்ணுகிறோம். நாற்பதும் நீலம் என்றால் வெள்ளை ஒருவரும் வரவில்லை. இருபதே நீலம் என்றால் வெள்ளையும் ஏறத்தாழ நாற்பது பேர் வந்திருக்க வேண்டும். இருக்கைதான் எதிர்ப்பொருள், நீலம் அடையாளமிட்ட ஹார்மோன், வெள்ளை, பன்றியின் இரத்தத்தில் உள்ள ஹார்மோன். 1971-இல் ஸ்வீடன் நாட்டில் ஈவா எங்வால் என்ற மற்றொரு பெண்மணியும் பீட்டர் பெர்ல்மன் என்பவரும் எலிசா என்னும் முறையைக் கண்டார்கள். அதில் கதிரியக்கம் தேவையில்லை. நொதி உண்டாக்கும் நிற மாற்றத்தைக் கொண்டே அளவை அறியலாம்.

சினையா, இல்லையா?

இனி மலையடிவாரத்துக் கேள்விக்கு வருவோம். பெண் பன்றி ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் முடிந்ததும் கருமுட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் திரள்கள் தோன்றிப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இது கருப்பையை அமைதியாக வைத்திருக்கும்.

கரு உண்டாகியிருந்தால், 11, 12-ஆம் நாளில் கருக்கள் தாயின் உடலுக்கு "நாங்கள் வந்துவிட்டோம்" என்று ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மூலம் செய்தி சொல்கின்றன. அந்தச் செய்தி போதிய அளவு எட்ட, பொதுவாக நான்கு கருக்களாவது இருக்கவேண்டும். செய்தி எட்டாவிட்டால், 15-ஆம் நாள் அளவில் மஞ்சள் திரள்கள் கரைந்து புரோஜெஸ்டிரோன் சரிந்துவிடும். மறுபடியும் பருவம் வரும்.

ஆகவே சேர்த்த 17-ஆம் நாள் முதல் 20-ஆம் நாளுக்குள் இரத்தம் எடுத்து அளந்தால் விடை தெரியும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சினையாக இருக்கலாம்; மிகக் குறைந்திருந்தால் சினை இல்லை. இதே இரத்தத்தை 10-ஆம் நாளில் எடுத்தால்? சினைப்பன்றியிலும் சினையற்ற பன்றியிலும் புரோஜெஸ்டிரோன் மிகுந்தே இருக்கும், அளந்தும் பயனில்லை. கேள்வி சரியாக இருந்தாலும் கேட்கும் நாள் தவறினால் இரத்தம் நம்மை ஏமாற்றிவிடும். இதுவே முதல் நிபந்தனை.

இன்னொன்றும் உண்டு. "சினை இல்லை" என்று இச்சோதனை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "சினை" என்று சொன்னால் அத்தனை உறுதி இல்லை. சில பன்றிகளின் பருவச் சுற்று ஒழுங்கற்றிருக்கும். சிலவற்றில் கருக்கள் பிறகு அழிந்துவிடும். அதனால் 25 முதல் 30-ஆம் நாளுக்குள் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட் என்ற மற்றொரு பொருளை அளப்பார்கள். இதன் மூலம் கருக்களே. ஆகையால் உயிருள்ள கரு இருந்தால்தான் இது உயரும். ஆனாலும் எத்தனை குட்டிகள் என்று எண்ணிச் சொல்ல இதனால் இயலாது.

குட்டி வளருமா?

வளர்ச்சி ஹார்மோனைப் பிட்யூட்டரிச் சுரப்பி சுரக்கிறது. அதை அளந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அது நாள் முழுவதும் அலை அலையாக வெளிப்படுகிறது. காலை எட்டு மணிக்கு உச்சியில் இருப்பது ஒன்பது மணிக்கு அடிமட்டத்தில் இருக்கலாம். ஆண் பன்றியின் டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே. ஒரு துளியை எடுத்துக்கொண்டு அந்தப் பன்றி சிறந்தது, இந்தப் பன்றி தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூற முடியாது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோனோ இன்னும் வேடிக்கை. பன்றியைப் பிடித்துக் கட்டி, அது வீறிட்டு அலறினாலே சில நிமிடங்களில் ஏறிவிடும். அளக்கப் போன செயலே அளவை மாற்றிவிடுகிறது!

வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகிறது. இது இரத்தத்தில் வேறு புரதங்களோடு பிணைந்து செல்வதால் நாள் முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. ஆஸ்திரேலிய நாட்டு ஆய்வாளர்கள், தாயிடமிருந்து பிரித்த இளங்குட்டிகளில் இதை அளந்து பார்த்தார்கள். முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது. வளர்ச்சிக் காரணி மிகுந்த குட்டிதானே சிறந்தது என்று நாம் நினைப்போம்? ஆனால் இளமையில் இதைக் குறைவாகப் பெறும் மரபுள்ள பன்றிகளே பின்னாளில் கொழுப்புக் குறைந்து, குறைந்த தீவனத்தில் கூடுதல் எடை போடும் போக்குடையவையாக இருந்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், குறைவாகத் தின்று அதே அளவு வளரும் பன்றிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோதும், அந்த வம்சத்தில் இளமை ஐ.ஜி.எஃப்.-1 குறைந்தே காணப்பட்டது.

அப்படியானால் அளவு குறைந்த குட்டியே நல்ல குட்டி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது, தோழியரே! பசியாலும் நோயாலும் இதே அளவு குறையும். நம் பகுதியில் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. சேகோ ஆலையிலிருந்து வரும் திப்பியைக் கால்நடைகளுக்குப் போடுகிறார்கள். திப்பியில் மாவுப்பொருள் உண்டு. புரதம் மிகக் குறைவு. வெறும் திப்பியையே தின்று வயிறு ஊதிப்போன குட்டியின் இரத்தத்திலும் ஐ.ஜி.எஃப்.-1 குறைந்திருக்கும். ஒரே எண்தான். ஒரு குட்டியில் அது நல்ல மரபைக் குறிக்கிறது. மற்றொரு குட்டியில் பட்டினியைக் குறிக்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவருக்கே வேறுபாடு விளங்கும். எல்லாக் குட்டிகளும் ஒரே வகைத் தீவனம் தின்று, ஒரே வயதில் சோதிக்கப்பட்டால்தான் இந்த அளவு பேசும். இதுவே இரண்டாவது நிபந்தனை.

நோட்டுப் புத்தகமும் ஒரு சோதனைக் கருவியே

கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இரத்தத்தை எடுத்து, ஐஸில் வைத்து, மலையிறங்கி ஆய்வுக்கூடம் சேர்ப்பதற்கும் விடை திரும்பி வருவதற்கும் சில நாட்கள் ஆகும். அதற்குள் 21-ஆம் நாள் வந்துவிடும். சினை இல்லையென்றால் பன்றியே அமைதியிழந்து, தீவனத்தைக் குறைத்து, முதுகை அழுத்தினால் அசையாமல் நின்று, விடையைத் தானே சொல்லிவிடும். அதனால்தான் இரத்தச் சோதனை பெரிய பண்ணைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பயன்படுகிறதேயன்றி, இரண்டு பன்றி வைத்திருக்கும் வீட்டுக்கு அது இன்றியமையாததன்று.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் அவ்வீட்டுக்குப் பயனே இல்லையா? உண்டு. ஆராய்ச்சி கற்றுத் தந்த காரணங்களை நோட்டுப் புத்தகத்தில் பயன்படுத்தலாம். ஜூன் 1-ஆம் தேதி பன்றியைச் சேர்த்தால் அதைக் குறித்துவைக்க வேண்டும். ஜூன் 19 முதல் 25 வரை காலையும் மாலையும் கவனிக்க வேண்டும். அதுவே 18 முதல் 24 நாள். பருவம் திரும்பாவிட்டால் செப்டம்பர் 23-ஆம் தேதியை ஒட்டிக் குட்டி போடும். பிறந்த அன்றும், பால் மறக்கும் அன்றும் ஒவ்வொரு குட்டியையும் எடைபோட்டு எழுத வேண்டும். தாய்ப்பன்றியின் பாலில் இரும்புச் சத்துக் குறைவு. சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு மண்ணிலிருந்தும் அது கிடைக்காது. ஆகவே முதல் சில நாட்களில் கால்நடை மருத்துவரிடம் இரும்புச் சத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பாலூட்டும் தாய்க்குத் தீவனத்தைக் குறைக்கவே கூடாது. வயிறார உண்ட தாய், குட்டிகளைப் பிரித்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் பருவத்துக்கு வரும். மெலிந்த தாயின் மூளையோ, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனின் அலைகளை அடக்கிவைத்துவிடும், பருவம் தள்ளிப்போகும். திப்பியோடு பிண்ணாக்கும் தவிடும் சேர்க்கவேண்டும் என்பதன் காரணமும் இப்போது விளங்குகிறதன்றோ?

நமக்கு அருகே

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் உள்ள அதன் ஆராய்ச்சி நிலையத்தில், லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்னும் சீமைப் பன்றியையும் நாட்டுப் பன்றியையும் கலந்து 'தனுவாஸ் கே.பி.எம். கோல்டு' என்னும் கலப்பினத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம் கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லையை ஒட்டி, சேலம் நெடுஞ்சாலையில் தலைவாசல் கூட்டுரோட்டில், 2021-இல் பெரியதொரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்ற சக்குபாய் இராமச்சந்திரன் இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராக அறியப்படுகிறார். அவர் படித்த காலத்தில் இது ஆண்களின் தொழிலாகவே கருதப்பட்டது. இன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே கதவு திறந்திருக்கிறது.

தோழியரே, இரத்தத் துளி எதிர்காலத்தைக் கூறும் என்று தொடங்கினோம். உண்மைதான், சரியான நாளில், சரியான ஹார்மோனை, சரியான முறையில் கேட்டால் கூறும். ஆனால் அது கூறுவது ஒரு குறிப்பு மட்டுமே. குட்டியின் எதிர்காலத்தில் பாதி அதன் இரத்தத்தில் இருக்கிறது. மறுபாதி அதற்குத் தீவனம் வைப்பவர் கையில் இருக்கிறது. வீட்டில் பன்றி வளர்க்கும் தோழி உங்கள் வகுப்பில் இருந்தால், அவள் பக்கத்தில் போய் அமருங்கள். நாட்களை எண்ணவும், பருவத்தை அறியவும், மெலிந்த குட்டியை முதலில் கண்டுபிடிக்கவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தின் நுட்பமான கருவிகள் செய்ய முயலும் வேலையில் ஒரு பகுதியை அவள் நாள்தோறும் பள்ளிக்கு வருமுன் செய்துவிட்டு வருகிறாள். அவளிடம் கேட்டால் நமக்கும் கற்றுத் தருவாள்.